லிபிஸ்டியஸ், மைகலோமார்ப்: கதவு வைக்கும் இரு சிலந்திகள்

மண்ணில் வளை, வாயில் கீலோடு ஒரு பட்டு மூடி, அதன் அடியில் பதுங்கிய சிலந்தி. இதை மட்டும் பார்த்தால் லிபிஸ்டியஸ் என்ற சிலந்திப் பேரினமும், டரான்டுலாக்களும் அடங்கும் மைகலோமார்ப் பிரிவின் பொறிக்கதவுச் சிலந்தியும் பங்காளிகள் என்றே தோன்றும். வகைப்பாட்டில் வெகுதூரம்.

வயிற்றைப் பார்த்தால் குழப்பம் தீரும். லிபிஸ்டியஸின் வயிற்றின் மேல் கண்டம் கண்டமாகத் தகடுகள் தெரியும். நூல் சுரக்கும் உறுப்புகள் அடிவயிற்றின் நடுவில் இருக்கும். சுமார் 30 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவத்திலும் இதே அமைப்புதான். மைகலோமார்பில் அந்த உறுப்புகள் வயிற்றின் பின்முனைக்குப் போய்விட்டன. தகடு வரிசையும் இல்லை. விஷப்பற்களை வைத்துப் பிரிக்க நினைக்காதீர்கள், இரண்டிலும் அவை கீழ்நோக்கி இணையாகவே இறங்கும்.

வேட்டையில் லிபிஸ்டியஸ் கெட்டிக்காரி என்பேன். வளை வாயிலிருந்து நாலாபக்கமும் பட்டு நூல்களை இழுத்து வைக்கும். பூச்சி இடறினால் உள்ளே தகவல் வந்துவிடும். மைகலோமார்புகளில் பல மண்ணின் அதிர்வையே நம்பும். ஆஸ்திரேலியாவின் கையஸ் வில்லோசஸ் போன்ற சில, வளை வாயைச் சுற்றிச் சுள்ளிகளை ஒட்டி, அதே வேலையை வாங்கிக்கொள்ளும்.

லிபிஸ்டியஸ் பெரும்பாலும் தென்கிழக்கு ஆசியாவோடு சரி. மைகலோமார்ப் பொறிக்கதவுகள் பல கண்டங்களில் உண்டு; வகைப்பாட்டாளருக்குத் தலைவலியும் இவைதான். டெனிசிடே குடும்பத்தில் கிடந்த பலவற்றை 2018-இல் ஹேலோனோப்ராக்டிடே என்று பிரித்தார்கள்.

ஆயுளில் சாதனை மைகலோமார்புக்கே. ஆஸ்திரேலியச் சிலந்தி ஆய்வாளர் பார்பரா யார்க் மெயின் 1974-இல் கண்காணிக்கத் தொடங்கிய ‘எண் 16’ என்ற கையஸ் பெண் சிலந்தி, ஒரே வளையில் 43 ஆண்டுகள் வாழ்ந்தது.