கிடங்கு வேலைக்குக் கால் வேண்டுமா, சக்கரம் போதுமா?

மனித உருவ ரோபோ நடனமாடும் வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதை வேலைக்கு எடுக்கப்போகிறவர் பார்ப்பது வேறு: பெட்டியைத் தூக்குமா, ஷிஃப்ட் முழுக்கத் தாக்குப்பிடிக்குமா, பக்கத்தில் நிற்கும் ஆளுக்கு ஆபத்து வருமா? இந்தக் கேள்விகளோடு அமெரிக்கக் கிடங்குகளில் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கும் இரண்டு ரோபோக்களைப் பார்ப்போம். ஒன்று அஜிலிட்டி ரோபாட்டிக்ஸின் டிஜிட், இன்னொன்று பாஸ்டன் டைனமிக்ஸின் ஸ்ட்ரெட்ச்.

டிஜிட்டுக்கு இரண்டு கால், இரண்டு கை. 2024-இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஃப்ளவரி பிராஞ்சில் ஜிஎக்ஸ்ஓ என்ற சரக்குக் கையாளும் நிறுவனம் நடத்தும் துணிக் கிடங்கில் வாடகை முறையில் வேலைக்குச் சேர்ந்தது. பிளாஸ்டிக் தொட்டிகளை எடுத்து கன்வேயரில் வைக்க வேண்டும். அதிகபட்சம் 16 கிலோ வரை தூக்கும். இதில் கவனிக்க வேண்டியது, அந்தத் தொட்டிகளை அதனிடம் கொண்டுவந்து சேர்ப்பதே ஒரு சக்கர ரோபோதான். கிடங்கு முழுக்க அலையும் வேலை சக்கரத்துக்கு, நாலு எட்டு வைக்கும் வேலை மட்டும் காலுக்கு.

ஸ்ட்ரெட்சுக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. சக்கரம் வைத்த சதுர அடிப்பாகம், அதன் மேல் ஒரே ஒரு கை, கையின் நுனியில் வரிசையாக உறிஞ்சு கப்புகள். கன்டெய்னருக்குள் நேராகப் புகுந்து 23 கிலோ வரையுள்ள பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்து கன்வேயரில் வைக்கும். ஒரு சார்ஜில் 16 மணி நேரம் வரை ஓடும் என்கிறது நிறுவனம். கோடையில் கன்டெய்னருக்குள் நின்று சுமை இறக்குவது எவ்வளவு கொடுமை என்று அந்த வேலை செய்தவர்களுக்குத் தெரியும். இடுப்பு போய்விடும். மனித உடம்பிலிருந்து முதலில் இறக்கிவைக்க வேண்டிய பாரம் இதுதான் என்பேன். டிஎச்எல் நிறுவனம் 2025 மே மாதம் மேலும் 1,000 ரோபோக்களுக்கு பாஸ்டன் டைனமிக்ஸுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது.

அடுத்து பாதுகாப்பு. என் பார்வையில் போட்டி முடிவாவதே இங்கேதான். சக்கர ரோபோவின் மின்சாரத்தை வெட்டினால் அது நின்ற இடத்திலேயே நிற்கும். இரண்டு கால் ரோபோ நிமிர்ந்து நிற்கவே மோட்டார்கள் ஓயாமல் வேலை செய்ய வேண்டும். மின்சாரம் போனால் பொத்தென்று விழும், பக்கத்தில் ஆள் இருந்தால் அவர்மீதே விழும். ஐரோபாட் என்ற ரோபோ நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரோட்னி புரூக்ஸ், நடக்கும் பெரிய ரோபோவிடமிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளியே நில்லுங்கள் என்கிறார். தானாகச் சமநிலை காக்கும் ரோபோக்களுக்கென ஐஎஸ்ஓ 25785-1 என்ற பாதுகாப்புத் தரம் இப்போதுதான் உருவாகிறது.

சரி, மனித உருவத்துக்கு எதிர்காலமே இல்லையா? இருக்கிறது, ஆனால் அதைத் தீர்மானிக்கப்போவது கால் அல்ல, கை. தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க்கில் உள்ள பிஎம்டபிள்யூ ஆலையில் ஃபிகர் 02 என்ற மனித உருவ ரோபோ தகட்டுப் பாகங்களை எடுத்து வெல்டிங் பிடிப்பானில் வைத்தது. 1,250 மணி நேரத்துக்கு மேல் ஓடி 90,000-க்கும் அதிகமான பாகங்களை வைத்ததாக அதைத் தயாரித்த ஃபிகர் நிறுவனம் 2025-இல் சொன்னது. அடிக்கடி பழுதான இடம் முழங்கைக்குக் கீழே உள்ள பகுதி என்றும் அதுவே ஒப்புக்கொண்டது. அவ்வளவு சின்ன இடத்துக்குள் மோட்டார், வயர், சூடு எல்லாம் அடங்க வேண்டியிருக்கிறது. மனிதக் கையில் தொடுவுணர்வுக்கு மட்டும் சுமார் 17,000 ஏற்பிகள் உண்டு. அதற்கு ஈடான ஒன்று எந்த ரோபோவிடமும் இல்லை.

ஆகவே, சமதரைக் கிடங்கு வைத்திருப்பவர் இன்று கால் உள்ள ரோபோவுக்குக் காசு கொடுக்கக் காரணம் எனக்குத் தெரியவில்லை. படிக்கட்டும் குறுகலான வழியும் கொண்ட, மனிதருக்கென்றே கட்டி இனி மாற்ற முடியாத பழைய ஆலை என்றால் கணக்கு வேறு. அங்கே கால் உதவும். ஆனால் பாதுகாப்புத் தரம் வெளிவந்து, ரோபோவைப் பிரித்துவைக்கும் வேலி இல்லாமல் ஆட்களோடு சேர்ந்து வேலை செய்யலாம் என்று உறுதியாகும்வரை அந்த ஆலைக்காரர்களும் காத்திருப்பதே நல்லது. அதுவரை சுமை இறக்கும் வேலையைச் சக்கர ரோபோவிடம் கொடுக்கட்டும்.