தனுஷ்கோடியில் ‘ராமர் பாலத்துக் கல்’ என்று விற்றால் வாங்காதீர்கள்

போன மாதம் அம்மாவைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போனேன். அம்மாவின் சித்தப்பா அந்த ஸ்டேஷனில் போர்ட்டராக இருந்தவர். ஊரையே அழித்த 1964 புயலுக்கு முந்தைய வருடம் மாற்றலாகி மதுரைக்கு வந்ததால் பிழைத்தார். போட் மெயில் ரயில் வந்து நிற்பதையும், அதிலிருந்து இறங்கிய சனம் இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுவதையும் அவர் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் அம்மா. அந்த ஊரை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று பல வருட ஆசை.

ராமேஸ்வரத்திலேயே முதல் ஏமாற்று. லாட்ஜ் வாசலில் ஒருவர், “சொந்தக் காரை அரிச்சல்முனைக்கு விடமாட்டாங்க சார், வேன்லதான் போகணும்” என்றார். 1,800 ரூபாய் பேசி ஏறினோம். அரிச்சல்முனை என்பது தனுஷ்கோடியில் நிலம் முடியும் கடைசி முனை. போய்ப் பார்த்தால் அங்கே வரிசையாகக் கார்கள் நிற்கின்றன. முன்பெல்லாம் முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும், அதற்கப்புறம் மணலில் வேன்தான் போகும். 2017-ல் முனை வரைக்கும் சாலை வந்துவிட்டது. காரும் போகலாம், ராமேஸ்வரத்திலிருந்து அரசு பஸ்ஸும் போகிறது. பழைய நிலவரத்தைச் சொல்லியே வெளியூர்க்காரர்களிடம் பணம் வாங்கிவிடுகிறார்கள்.

சரி, பணம்தானே என்று அதை விட்டிருப்பேன். இடிந்த தேவாலயத்தில் நடந்ததைத்தான் மறக்க முடியவில்லை.

வேன்காரர் சேர்த்துவிட்ட ‘கைடு’ எடுத்த எடுப்பிலேயே, “2004 சுனாமியில அழிஞ்ச ஊரு சார்” என்றார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “சுனாமி இல்ல தம்பி, 64 டிசம்பர் புயல். பாம்பன்ல இருந்து வந்த பாசஞ்சர் ரயிலையே கடல் இழுத்துட்டுப் போச்சு” என்றார். “எல்லாம் ஒண்ணுதாம்மா” என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு முன்னால் நடந்தார். டிசம்பர் 22 ராத்திரி அத்தனை சனம் செத்த மண். அங்கே நின்றுகொண்டு இப்படிச் சொல்ல 500 ரூபாய்.

சுவருக்குப் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் கல் ஒன்று மிதந்தது. ராமர் பாலத்துக் கல்லாம், வீட்டில் வைத்தால் விருத்தியாம், விலை 600 ரூபாய். அம்மா கண் கலங்கியிருந்ததைப் பார்த்து வாங்கிவிட்டேன். மிதந்த கல்லை அவர்கள் தரவில்லை. சாக்கிலிருந்து வேறொன்றை எடுத்துப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்கள்.

மதுரைக்கு வந்து வாளித் தண்ணீரில் போட்டதும் முழுகிவிட்டது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. பின்பக்கம் ஒரு விரல் கனத்துக்குச் சுண்ணாம்புச் சாந்து, அதன்மேல் கொத்தனார் கரணையால் இழுத்த தடம் அப்படியே இருந்தது. தேவாலயம் உட்பட அங்கே உள்ள பழைய கட்டடங்களைப் பவளக்கல்லில்தான், அதாவது கடலில் பவள உயிரிகள் விட்டுப்போன கூட்டில்தான் கட்டினார்கள். புயலுக்கும் தப்பி நிற்கும் சுவரைப் பெயர்த்து எங்களுக்கு விற்றிருக்கிறார்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பவளம் பாதுகாக்கப்பட்ட உயிரினம். கடலிலிருந்து எடுத்துவந்து விற்பது குற்றம், வாங்கி வைத்திருப்பவரும் மாட்டிக்கொள்வார். சுவரில் இருந்ததா, கடலில் இருந்ததா என்று வழியில் பையைச் சோதிப்பவரிடம் நீங்கள் நிரூபிக்க முடியாது.

அங்கே காசு செலவழிக்க வேண்டும் என்றால் குடிசை போட்டிருக்கும் மீனவக் குடும்பங்களிடம் மீன் வறுவல் வாங்கிச் சாப்பிடுங்கள். கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பவர்கள் அவர்கள். எங்களுக்கும் ஒரு செம்பு கொடுத்தார்கள், உப்பே கரிக்கவில்லை. புயலைப் பற்றியும் அவர்களிடமே கேளுங்கள். அம்மாவோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிய பாட்டி ஒரு பைசா கேட்கவில்லை.

கல்லைப் பூஜை அலமாரியில் வைக்க அம்மா சம்மதிக்கவில்லை. “யார் கும்பிட்ட கோயில் சுவரோ, யார் வீட்டுச் சுவரோ” என்று துணியில் சுற்றித் தனியாக வைத்திருக்கிறார். அடுத்த வாரம் எடுத்துப்போய் நடந்ததைச் சொல்லி வனத்துறையிடம் ஒப்படைக்கப் போகிறேன். தானும் வருவேன் என்கிறார் அம்மா.