"கோர்ட்டில் வேலை" என்று விற்கப்படும் பாராலீகல் டிப்ளமோ: பணம் கட்டும் முன் படியுங்கள்

மதுரையில் ஒரு தனியார் பயிற்சி நிறுவனம் ஆறு மாத பாராலீகல் (வக்கீல்களுக்குச் சட்ட வேலையில் உதவி செய்பவர்) டிப்ளமோ என்று சொல்லி என்னிடம் 38,000 ரூபாய் வாங்கி ஏமாற்றியது. வழக்கு நடப்பதால் பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அந்தப் பெயர் தெரிந்தாலும் பெரிய உபயோகம் இல்லை. இதே மாதிரி நோட்டீஸை வேறு ஊர்களிலும் வேறு வேறு பெயர்களில் பார்த்துவிட்டேன்.

நோட்டீஸில் இருந்தது இதுதான்: பத்தாவது பாஸ் போதும், நீதிமன்றத்தில் பணி, அரசு அடையாள அட்டை. சேர்க்கைக்கு உட்கார்ந்திருந்த மேடம் இன்னும் ஒரு படி மேலே போனார். பயிற்சி முடிந்ததும், இலவச சட்ட உதவி தரும் அரசு அமைப்பான சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பாராலீகல் வாலண்டியராகப் போஸ்டிங், மாதச் சம்பளம், இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்றார். கூட வந்திருந்த என் அம்மாவிடம், "பொம்பளப் பிள்ளைக்கு இதைவிடக் கௌரவமான வேலை எதும்மா?" என்று கேட்டார். அம்மா தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டினார்.

வகுப்பு என்று நடந்ததைச் சொல்கிறேன். சட்டப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, பிரிவு எண்களை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதற்குப் பிறகு சேர்ந்த எங்களுக்கும் பழைய ஐ.பி.சி. எண்களைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு வக்காலத்து (வக்கீலுக்கு வழக்கை நடத்த அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எப்படி இருக்கும் என்று கடைசி வரை காட்டவே இல்லை. இப்போது நான் ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா அண்ணனிடம் வேலை பழகுகிறேன். காஸ் லிஸ்ட் (அன்றைய வழக்குப் பட்டியல்) பார்ப்பது, சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி எண்) போட்டு வாய்தா தேதி, அதாவது அடுத்த விசாரணைத் தேதி எடுப்பது, பேட்டா (சம்மன் அனுப்பும் செலவு) கட்டுவது, நகல் மனு போடுவது, குறை இருக்கிறது என்று கோர்ட் திருப்பிய மனுவைச் சரிசெய்து திரும்பத் தாக்கல் செய்வது எல்லாம் இங்கே வந்துதான் தெரிந்தது. இதில் ஒன்றுகூட அந்தப் பாடத்தில் இல்லை.

கடைசியில் கொடுத்தார்கள் ஓர் அடையாள அட்டை. சிங்க முத்திரை, மேலே பெரிய எழுத்தில் "பாராலீகல்". அதைக் காட்டினால் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார நாற்காலி கொடுப்பார்கள், சின்னக் கேஸ்களை நாமே பேசி முடிக்கலாம், அதற்குக் காசும் வாங்கலாம் என்றார் டைரக்டர் சார். பணத்தைவிட இதுதான் பெரிய ஆபத்து. அரசு முத்திரையைத் தனியார் போட்டுக்கொள்வதற்கே 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை இருக்கிறது. வக்கீலாகப் பதிவு செய்யாதவர் நீதிமன்றத்தில் தொழில் செய்தால், 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 45-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. என்னோடு படித்த ஒரு பையன் பக்கத்து வீட்டுத் தகராறுக்காக அந்த அட்டையோடு ஸ்டேஷனுக்குப் போனான். அட்டையைப் பிடுங்கிக்கொண்டு அவனைச் சாயங்காலம் வரை உட்கார வைத்துவிட்டார்கள். நாற்காலி கொடுக்கவில்லை. அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது.

போஸ்டிங் எப்போது என்று கேட்க நானே மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனேன். அட்டையைத் திருப்பிப் பார்த்த அலுவலர், "ஏம்மா, இதுக்குக் காசா கொடுத்தே?" என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார்.

பாராலீகல் வாலண்டியர் என்பது தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2009-இல் கொண்டுவந்த திட்டம். ஆளைத் தேர்ந்தெடுப்பது, பயிற்சி கொடுப்பது, அட்டை கொடுப்பது எல்லாம் ஆணைக்குழுவின் வேலை. அதற்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. அது சேவை, உத்தியோகம் இல்லை. பணிக்கு அனுப்பும் நாட்களுக்கு மட்டும் மதிப்பூதியம் உண்டு. மாதச் சம்பளமும் இல்லை, நிரந்தரமும் இல்லை. எந்தத் தனியார் நிறுவனமும் அதற்கு ஆள் அனுப்ப முடியாது. நீதிமன்றத்தில் நிஜமான வேலை வேண்டுமென்றால் உயர் நீதிமன்றமோ டி.என்.பி.எஸ்.சி.யோ அறிவிக்கை விட்டுத் தேர்வு வைக்கும். முறையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு இக்னோ பல்கலைக்கழகத்தின் பாராலீகல் டிப்ளமோ இருக்கிறது. அதுவும் படிப்புதான், வழக்காடும் உரிமை தராது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது டைரக்டர் சார் ரசீதைப் பார்க்கச் சொன்னார். அதில் கட்டணம் என்ற சொல்லே இல்லை. ஓர் அறக்கட்டளைக்கு நான் மனமுவந்து கொடுத்த நன்கொடை என்று அச்சாகியிருந்தது. "நன்கொடையை யாரும்மா திருப்பிக் கேப்பாங்க?" என்று என் அம்மாவின் முகத்துக்கு நேராகச் சொன்னார். அந்தப் பேச்சை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதே ஆணைக்குழு அலுவலகம்தான் எனக்கு வக்கீல் வைத்துக் கொடுத்தது. பெண்கள் யாராக இருந்தாலும், வருமான வரம்பு பார்க்காமல், 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-வது பிரிவில் இலவச சட்ட உதவி உண்டு. பழைய ஐ.பி.சி. 420-க்குச் சமமான, பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவில் (மோசடி) போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு போட்டிருக்கிறோம். ஐந்து லட்சம் வரை கொடுத்த பணத்துக்கான மனு என்றால் அங்கே கட்டணம் இல்லை. ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

இதே மாதிரி மாட்டியிருந்தால் 15100 என்ற இலவச எண்ணுக்கு அழைத்து உங்கள் மாவட்ட ஆணைக்குழுவைக் கேளுங்கள். அந்த அட்டையை எங்கும் காட்டாதீர்கள், கிழித்தும் போடாதீர்கள். ரசீதில் நன்கொடை என்று இருந்தால், அவர்கள் "ஃபீஸ் எப்போ கட்டுவீங்க" என்று கேட்ட வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வையுங்கள். எங்கள் மனுவில் முதல் ஆவணமாக வைத்திருப்பது அதைத்தான்.