அமெரிக்காவில் பிஏ முதுகலையா, என்பி முதுகலையா?

டாக்டர் பட்டம் இல்லாமல் நோயாளியைப் பரிசோதிக்கவும், நோயைக் கண்டறியவும், மருந்து எழுதவும் அமெரிக்காவில் இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன. ஒன்று ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் (பிஏ), மற்றது நர்ஸ் பிராக்டிஷனர் (என்பி). இரண்டு படிப்பும் 1965-இல்தான் தொடங்கின. டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவப் பணி செய்து திரும்பியவர்களைச் சேர்த்து பிஏ வகுப்பைத் தொடங்கினார். கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டும் ஹென்றி சில்வரும் என்பி படிப்பைத் தொடங்கினார்கள்.

சம்பளத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. 2023 மே மாத அரசுக் கணக்கில் இடைநிலை ஆண்டுச் சம்பளம் பிஏவுக்கு 1,30,020 டாலர், என்பிக்கு 1,26,260 டாலர். கையில் நர்ஸ் உரிமம் (ஆர்என்) இருக்கிறதா இல்லையா என்பதைக் கேட்டாலே முக்கால்வாசி முடிவு வந்துவிடும். இருந்தால் என்பி பக்கம் போவதுதான் பெரும்பாலும் லாபம். இல்லையென்றால், அறிவியல் இளங்கலை முடித்தவருக்கு பிஏதான் நேர்வழி.

உள்ளே நுழைவது

பிஏ படிக்க இளங்கலை எந்தத் துறையிலும் இருக்கலாம். ஆனால் உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல் முதலிய முன்பாடங்களை முடித்திருக்க வேண்டும், அறிவியல் பாடங்களுக்கு ஆய்வக வகுப்பும் வேண்டும். அவையும் பழசாகிவிடக் கூடாது. பத்து ஆண்டு, சில இடங்களில் அதற்கும் குறைவான காலக்கெடு வைத்திருக்கிறார்கள்.

பலர் தடுக்கி விழுவது நோயாளியோடு நேரடியாக வேலை செய்த மணிக்கணக்கில். ஆயிரம் மணி கேட்கும் கல்லூரியும் உண்டு, இரண்டாயிரம் கேட்பதும் உண்டு. முழுநேர வேலை என்றால் இரண்டாயிரம் மணிக்கு ஏறக்குறைய ஓராண்டு ஆகும். இஎம்டி (ஆம்புலன்ஸ் அவசர உதவியாளர்), சிஎன்ஏ (நர்ஸிங் உதவியாளர்), மெடிக்கல் அசிஸ்டன்ட் (கிளினிக் உதவியாளர்) வேலைகள் அனேகமாக எல்லா இடத்திலும் செல்லும். வில்லங்கம் ஸ்கிரைப் வேலையில்தான். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெழுதிய ஆயிரம் மணியைச் சில கல்லூரிகள் முழுதாக ஏற்கும், சில ‘பொது மருத்துவ அனுபவம்’ என்று ஒதுக்கிவிடும். வேலையில் சேரும் முன்பே, விண்ணப்பிக்கப் போகும் கல்லூரிகளின் விதியைப் படித்துவிடுங்கள்.

விண்ணப்பம் பெரும்பாலும் காஸ்பா என்னும் பொதுத் தளம் வழியாகப் போகும். ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசியில் திறக்கும். மதிப்பெண் பட்டியல்களைச் சரிபார்க்கவே சில வாரங்கள் பிடிக்கும். பல கல்லூரிகள் வந்த வரிசையில் நேர்காணலுக்கு அழைப்பதால், கடைசித் தேதி செப்டம்பர்தானே என்று ஆகஸ்டில் அனுப்புபவருக்கு இருக்கை மிஞ்சுவது கஷ்டம்.

இன்னொரு பொறி, திரும்பப் படித்த பாடம். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் முதலில் சி (2.0) வாங்கி, மறுபடி படித்து ஏ (4.0) எடுத்தவரின் கல்லூரிப் பட்டியலில் 4.0 மட்டும் கணக்காகலாம். காஸ்பா இரண்டையும் சேர்த்து அந்தப் பாடத்துக்கு 3.0 என்றுதான் போடும். அதனால் ‘என் ஜிபிஏ (சராசரி மதிப்பெண் புள்ளி) 3.5’ என்று நம்பி விண்ணப்பித்தவர், காஸ்பா கணக்கில் குறைந்தபட்ச வரம்புக்கே கீழே போயிருக்கலாம்.

என்பியில் இவ்வளவு நெளிவு சுளிவு இல்லை. ஆர்என் உரிமமும் நர்ஸிங் இளங்கலையும் இருந்தால் கதவு திறந்துதான் இருக்கிறது.

படிப்பும் பயிற்சியும்

பிஏ முதுகலை சராசரியாக 27 மாதம். ஏறக்குறைய ஓராண்டு வகுப்பறை, பிறகு ஓராண்டு மருத்துவமனைச் சுற்று. குடும்ப மருத்துவம், பொது மருத்துவம், அவசர சிகிச்சை, அறுவை, குழந்தைகள், மகளிர் நலம், மனநலம் ஆகிய எல்லாவற்றிலும் பயிற்சி கட்டாயம். பல கல்லூரிகளில் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் 120 கேள்வித் தேர்வு உண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்ற எண்ணத்தை முதல் நாளே விட்டுவிட வேண்டும், பல கல்லூரிகள் அதை அனுமதிப்பதே இல்லை. முதலாண்டில் ஒரு பாடம் போனால் அடுத்த ஆண்டு மாணவர் அணியோடு சேர்த்துவிடுவார்கள். அந்த ஓராண்டு வாடகையும் சாப்பாடும் உங்கள் தலையில்.

என்பி முதுகலையை நர்ஸ் வேலையை விடாமல் பகுதிநேரமாக முடிக்கலாம். குடும்பத்தோடு இருப்பவர்களை அது இழுப்பதற்குக் காரணமே இதுதான். ஆனால் பயிற்சி நேரத்தைக் கவனியுங்கள். பிஏ மாணவர் சுமார் 2,000 மணி நேரம் நோயாளிகளோடு இருக்கிறார். என்பிக்குக் குறைந்தபட்சம் 500 மணி என்றிருந்ததை 2022 தரநிலைதான் 750 ஆக்கியது. ஐசியூவில் ஐந்தாண்டு நின்ற நர்ஸுக்கு 750 மணி போதும் என்று வாதிடலாம். நர்ஸாக ஒரு நாளும் வேலை பார்க்காமல் நேரடிச் சேர்க்கை முதுகலையில் (வேறு துறை இளங்கலையோடு சேரும் படிப்பில்) நுழைபவருக்குப் போதாது என்பதே எங்கள் கருத்து.

பயிற்சி இடத்தை யார் தேடுவது என்பதும் பெரிய வேறுபாடு. பிஏ படிப்புகளை அங்கீகரிக்கும் ஆர்க்-பிஏ, மாணவரே பயிற்சியாளரைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தத் தடை விதித்திருக்கிறது. பல ஆன்லைன் என்பி படிப்புகளிலோ மாணவர்தான் கிளினிக் கிளினிக்காக மின்னஞ்சல் போட்டு அலைகிறார். இடம் கிடைக்காவிட்டால் ஒரு செமஸ்டரே தள்ளிப்போகும். பணம் கட்டும் முன் ‘பயிற்சி இடத்தை நீங்கள் ஏற்பாடு செய்வீர்களா?’ என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பிஏ கல்லூரியில் கேட்க வேண்டியது வேறு: அங்கீகாரம் முழுமையானதா, தற்காலிகமா, கண்காணிப்பில் இருக்கிறதா? பான்ஸ் (பிஏக்களுக்கான தேசியச் சான்றிதழ்த் தேர்வு) எழுதியவர்களில் முதல் முயற்சித் தேர்ச்சி எத்தனை விழுக்காடு? இந்தக் கணக்கைக் கல்லூரி தன் இணையதளத்தில் போட்டே ஆக வேண்டும்.

படித்து முடித்த பின்

பான்ஸ் 300 கேள்விகள், அறுபது அறுபதாக ஐந்து பகுதிகள். தேறினால் எந்தத் துறைக்கும் போகலாம். எலும்பு மருத்துவத்தில் மூன்றாண்டு பார்த்துவிட்டுத் தோல் மருத்துவத்துக்கு மாறினாலும் பட்டம் அதேதான். என்பியின் பட்டமோ குடும்பம், குழந்தை, மனநலம், தீவிர சிகிச்சை என்று ஒரு வகைக்குள் கட்டுண்டது. குடும்ப என்பி ஐசியூவுக்குப் போக விரும்பினால், அதற்கென்று தனிச் சான்றிதழ் படித்து வரச் சொல்லும் மருத்துவமனைகள் ஏராளம்.

சுதந்திரத்தில் என்பிக்கே மேல்கை. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் டாக்டர் ஒப்பந்தம் இன்றித் தனியாகக் கிளினிக் நடத்தலாம். பிஏவுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் டாக்டரோடு ஏதோ ஒரு பிணைப்பு வேண்டும். சொந்தக் கிளினிக் கனவு இருந்தால் இதற்கு மேல் யோசிக்க வேண்டாம், என்பிதான்.

கடன் விஷயம் 2026 ஜூலை 1 முதல் மாறுகிறது. புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் (பட்டமேற்படிப்பின் முழுச் செலவுக்கும் கிடைத்த அரசுக் கடன்) கிடையாது. பட்டமேற்படிப்புக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 20,500, மொத்தம் ஒரு லட்சம் டாலர்தான். இரண்டு லட்சம் வரை கிடைக்கும் ‘தொழில்முறைப் பட்டம்’ வரையறையில், 2025 நவம்பரில் கல்வித் துறையின் பேச்சுவார்த்தைக் குழு ஏற்றபடி பிஏவும் இல்லை, நர்ஸிங்கும் இல்லை. வேலையை விட்டுப் படிக்கும் பிஏ மாணவருக்குத்தான் இந்த அடி பலமாக விழும்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு

1992-இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே.எம். செரியன் முயற்சியால் இந்தியாவில் பிஏ படிப்பு வந்தது. இன்று இங்கே பி.எஸ்சி. பிஏ முடித்து நிறையப் பேர் இதய அறுவைக் குழுக்களில் வேலை பார்க்கிறார்கள். ஆனால் ஆர்க்-பிஏ அங்கீகரித்த படிப்பை முடித்தவர் மட்டுமே பான்ஸ் எழுத முடியும். எனவே இங்கே பத்தாண்டு அனுபவம் இருந்தாலும் அங்கே முதுகலையை முதலிலிருந்து படிக்க வேண்டும், அதிலும் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரிகள் குறைவு. பி.எஸ்சி. நர்ஸிங் படித்தவர் சான்றிதழ் மதிப்பீட்டை முடித்து, என்க்ளெக்ஸ் என்னும் நர்ஸ் உரிமத் தேர்வை எழுதி, ஆர்என் ஆகலாம். நர்ஸ்களுக்கு ஷெட்யூல் ஏ சலுகை இருப்பதால், கிரீன் கார்டுக்குத் தொழிலாளர் துறையின் சந்தைச் சோதனை தேவையில்லை. இந்தியர்களுக்கான நீண்ட வரிசை மட்டும் அவர்களையும் விடாது. பிஏவுக்கு அந்தச் சலுகை இல்லை.