கையில் கொடுத்துக் காட்டுவதற்கு ஏற்றதா? கறுப்புத் தாள் ஸ்டாக்புக் ஒரு மதிப்பீடு

தபால்தலை ஆல்பங்களை மதிப்பிடும்போது அவை அலமாரிக்குள் எத்தனை காலம் தாங்கும் என்பதையே பெரும்பாலும் பேசுகிறோம். இங்கே நான் கொண்டிருக்கும் அளவுகோல் வேறு. நம் சேகரிப்பை இன்னொருவர் கையில் கொடுத்து, அவர் பக்கம் புரட்டும்போது அந்த ஆல்பம் எப்படி ஈடுகொடுக்கிறது என்பதே என் கேள்வி. சொந்தக்காரரின் பழகிய விரல்களுக்குத் தென்படாத குறைகள் புதியவரின் விரல்களில் உடனே சிக்கிவிடும்.

ஸ்டாக்புக் என்பது தபால்தலைகளை ஒட்டாமல் பட்டைகளுக்குள் செருகிவைக்கும் ஆல்பம். நான் எடுத்துக்கொண்டது ஏறத்தாழ ஏ4 அளவு, 32 பக்கங்கள். தடித்த கறுப்புத் தாள், பக்கத்துக்கு 9 ஒளிபுகும் பட்டைகள், எதிரெதிர்ப் பக்கங்கள் உரசாமலிருக்க கிளாசின் (வழவழப்பான, மங்கலாக ஒளிபுகும் மெல்லிய தாள்) இடைத்தாள், மெத்தென்ற மேலட்டை. பல நிறுவனங்கள் இதே அமைப்பில் தயாரிப்பதால், கீழே சொல்பவை இந்த வகை முழுவதற்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் கறுப்புத் தாள். இது அழகுக்காக மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்ட நிறமன்று. 1840-இல் வெளிவந்த பென்னி பிளாக் போன்ற தொடக்ககாலத் தபால்தலைகளுக்குத் துளைவரிசை கிடையாது, கத்தரித்தே பிரித்தார்கள். ஆகவே நான்கு புறமும் வெள்ளை ஓரம் முழுமையாக மீந்திருக்கிறதா என்பது அவற்றின் தரத்தையும் விலையையும் தீர்மானிக்கும் முக்கியமான கேள்வியாக இருந்துவருகிறது. வெள்ளைத் தாளில் அந்த ஓரம் பின்னணியோடு கலந்துவிடும்; கறுப்பில் மயிரிழை ஓரமும் தெளிவாகத் தெரியும். (பென்னி பிளாக் என்னிடம் இல்லை, எளிய தலைகளைக் கொண்டே பார்த்தேன்.) துளையுள்ள தலைகளிலும் இதே பயன் உண்டு. துளைவரிசையை 2 சென்டிமீட்டர் நீளத்துக்குள் எத்தனை துளைகள் என்று கணக்கிடுவது வழக்கம். அந்த வரிசையில் ஒரு பல் முறிந்திருந்தாலும் கறுப்புப் பின்னணி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். கைமாற்றிக்கொள்ள வருபவரிடம் குறையை வாயால் சொல்லத் தயங்குபவர்களுக்கு இந்தத் தாள் வசதியாக இராது. என் பார்வையில் அதுவே இதன் சிறந்த குணம்.

ஓரமே இல்லாமல் விளிம்பு வரை கருநிறம் அச்சாகியிருக்கும் படங்கள் மட்டும் இதில் எடுபடுவதில்லை. தீப்பெட்டிப் படங்கள் சேர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: ஒட்டக் கத்தரிக்கப்பட்ட படங்கள் கறுப்புத் தாளில் எங்கே முடிகின்றன என்றே தெரிவதில்லை. கைபேசியில் படமெடுத்துப் பகிர்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பக்கத்தின் பெரும்பகுதி கறுப்பாக இருப்பதால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும், தலைகளின் வெளிர்நிறங்கள் வெளுத்துப்போகும். படமெடுக்கும்முன் வெளிச்ச அளவைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

ஒளிபுகும் பட்டைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரு ஸ்டாக்புக்கின் தகுதி பெரும்பாலும் இங்கேதான் நிர்ணயமாகிறது. கிளாசின் பட்டை கொண்ட பழைய வகையில் தலையின் கீழ்ப்பாதி மங்கலாகவே தெரியும். நாட்டின் பெயரோ விலையோ அங்கே அச்சாகியிருந்தால் பார்ப்பவர் ஒவ்வொன்றையும் வெளியே எடுக்க நேரிடும், எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு மூலை மடிவதற்கான வாய்ப்பு. ஒளிபுகும் பட்டையில் அந்தத் தேவை எழுவதில்லை என்பதால், காட்டுவதற்கு இதுவே மேல். ஆனால் பட்டை எந்தப் பொருளால் ஆனது என்பதைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கப்படும் வேதிப்பொருள்கள் காலப்போக்கில் கசிந்து, தலையின் மையையும் தாளையும் கெடுக்கக்கூடியவை. பாலியெஸ்டர், பாலிபுரோப்பிலீன் இரண்டிலும் அந்த அச்சம் இல்லை. நான் பயன்படுத்தியதன் உறையில் பட்டைகள் பாலியெஸ்டர் என்றும் தாள் அமிலமற்றது என்றும் அச்சிட்டிருந்தார்கள். மேலட்டை எதனால் ஆனது என்று மட்டும் ஒரு சொல்லும் இல்லை. இந்த மௌனம் எனக்கு உவப்பாக இல்லை. அது பிவிசியாக இருக்கலாம் என்பதால், அட்டையை ஒட்டிய முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் வெறுமையாக விட்டிருக்கிறேன்.

பட்டையின் பிடிப்பு மிதமானது. புத்தகம் நிமிர்ந்திருக்கும்வரை தலை நகராது. தலைகீழாகக் கவிழ்த்தால் சிறிய தலைகள் நழுவிவிடும். மேசைக்கு எதிர்ப்புறம் இருப்பவரிடம் காட்டப் பலரும் ஆல்பத்தைத் தூக்கியே திருப்புகிறார்கள் என்பதால், இது கவனிக்க வேண்டிய குறை. மேசையில் கிடத்தியபடியே சுழற்றிக் கொடுக்கலாம். ஆனால் அதை ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பாலியெஸ்டர் நிலைமின்னேற்றத்தால் தூசியையும் இழுக்கும். கறுப்புப் பின்னணியில் அந்தத் தூசி ஒன்றுக்குப் பத்தாகத் தெரியும். கூர்முனை இடுக்கியை இதில் பயன்படுத்தவே கூடாது, பட்டையில் கீறல் விழும். தட்டையான முனையுள்ள இடுக்கி ஒன்றை ஆல்பத்தோடு சேர்த்தே நீட்டிவிடுவது நல்லது.

கட்டமைப்பில் குறை சொல்ல இடமில்லை. முதுகுப்புறம் துணிக்கீல் வைத்துக் கட்டியிருப்பதால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சமமாகப் படிந்து கிடக்கிறது. இடைத்தாள்தான் வேகமாகப் புரட்டுபவர்களிடம் சுருங்கிவிடுகிறது. சில நேரங்களில் தலையின் மேல்மூலையையும் தடுக்கி மடக்குகிறது.

எனக்குப் பெரிய ஏமாற்றம் தந்தது வேறொன்று. 1862-இல் பாரிஸில் ஜஸ்டின் லால்லியே வெளியிட்ட ஆல்பம் முதலாக, அச்சிட்ட ஆல்பங்களில் ஒவ்வொரு நாட்டுக்கும் உரிய இடமும் தலைப்பும் இருந்தன. பார்ப்பவருக்கு வழிகாட்ட அவை போதும். ஸ்டாக்புக்கில் தலைகளை விருப்பம்போல் இடமாற்றலாம், ஆனால் அந்த வழிகாட்டுதல் இல்லை, கறுப்புத் தாளில் பென்சிலால் எழுதவும் முடியாது. முத்திரை எந்த ஊருடையது, அச்சுப்பிழை எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் அருகில் நின்று நாமே சொல்ல வேண்டியிருக்கிறது. அமிலமற்ற வெள்ளைத் தாளை விரலகலத்துக்கு நறுக்கிக் குறிப்பெழுதி, பட்டைக்குள் தலையின் பக்கத்தில் செருகிவைத்துச் சமாளிக்கிறேன். இடம் வீணாகிறதே தவிர, புதியவர்கள் ஒவ்வொரு பக்கத்திலும் நின்று பார்க்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் ஒரு குறிப்புப்பட்டைக்கு இடம் விட்டிருந்தால் தயாரிப்பாளருக்கு ஒன்றும் குறைந்திருக்காது.

முதல் நாள் உறைகளுக்கும் (தலை வெளியாகும் நாளிலேயே முத்திரையிடப்படுபவை) அஞ்சலட்டைகளுக்கும் இது பொருந்தாது. பட்டைக்குள் அவற்றின் அடிப்பகுதி மட்டுமே அடங்கும். அவற்றுக்கு வளையமிட்ட, முழுநீளப் பைகள் கொண்ட ஆல்பமே சரி. பசை கெடாத தலைகளுக்கோ இது மிகப் பொருத்தம்: ஹிஞ்ச் (தலையை ஆல்பத்தில் பொருத்தும் சிறு பசைத்தாள்) ஒட்டினால் பசையில் தழும்பு விழும், இங்கே எதையும் ஒட்ட வேண்டியதில்லை. பயன்படுத்திய பின் நூலகத்தில் அடுக்குவதுபோல் நிமிர்த்தி வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் ஈரப்பதமும் அழுத்தமும் சேர்ந்து பசைப்புறத்தை ஒட்டிக்கொள்ளச் செய்யும்.

மற்றவர்களோடு மாற்றிக்கொள்ளும் இரட்டைப் பிரதிகளையும், அடிக்கடி வரிசை மாற்றிப் பார்க்கும் தொகுப்புகளையும் வைப்பவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். முடிவான வரிசையில், விளக்கக் குறிப்போடு காட்சிப்படுத்த நினைப்பவர்களுக்கு இது பாதி வேலையைத்தான் செய்யும். இதே வகையில் 64 பக்கப் பதிப்பும் கிடைக்கிறது. முழுக்க நிரம்பினால் ஒரு கையால் ஏந்திப் புரட்ட முடியாத கனமாகிவிடும் என்பதால், கூட்டங்களுக்கு எடுத்துச் செல்பவர்களுக்கு 32 பக்கத்தையே சொல்வேன்.