மறைவுக்குப் பின் வந்த இரு ராப் ஆல்பங்கள்

அமெரிக்க ராப் பாடகர் மேக் மில்லர் 2018 செப்டம்பரில் மறைந்தார். அவருடைய 'சர்க்கிள்ஸ்' ஆல்பம் 2020 ஜனவரியில்தான் வந்தது. அவரோடு ஏற்கெனவே அந்த ஆல்பத்தில் வேலை செய்துவந்த இசைத் தயாரிப்பாளர் ஜான் பிரயன் மிச்சத்தை முடித்தார். விருந்தினர் குரல் ஏறத்தாழ இல்லை. 'குட் நியூஸ்' பாடலில், சுண்டிவிட்ட நரம்பொலிக்கு மேல் அந்தக் களைத்த குரல் தனியாக நிற்கிறது; பளபளப்பு பூசி அதை மறைக்க யாரும் முயலவில்லை.

நியூயார்க் ராப் பாடகர் பாப் ஸ்மோக்கின் 'ஷூட் ஃபார் தி ஸ்டார்ஸ், எய்ம் ஃபார் தி மூன்' நேர்மாறு. அவர் 2020 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூலையிலேயே 19 பாடல்களோடு ஆல்பம் வந்துவிட்டது. மூத்த ராப் பாடகர் ஃபிஃப்டி சென்ட் மேற்பார்வை. குவேவோ, ஃபியூச்சர், லில் பேபி என்று விருந்தினர் கூட்டம். அமெரிக்க ஆல்பம் தரவரிசையான பில்போர்டு 200இல் முதலிடம் பிடித்தது உண்மைதான். ஆனால் அதில் ஆகச் சிறந்தது, என் காதுக்கு, இறுதியில் சேர்த்த 'டியோர்'. அது அவர் உயிரோடு இருந்தபோதே வெளியானது!