செட்டிங்ஸ் திறக்கவில்லையா: பழுது பார்ப்பதா, பழையதற்குத் திரும்புவதா?

விண்டோஸ் 11-க்கு மாறிய பிறகு செட்டிங்ஸ் ஒரு நொடி மின்னி மறைந்தால், மார்த்தாண்டத்தில் என் மேசைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது, "அண்ணே, பழசையே போட்டுத் தாங்க" என்றுதான்.

விண்டோஸ் 10-க்குத் திரும்புவது எளிது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் வரும் நீலத் திரையில் அதற்கு வழி இருக்கிறது. போட்டோக்கள் போகாது, மாறிய பின் போட்ட மென்பொருள்கள் போய்விடும். ஆனால் பொதுவாக 10 நாளுக்குள்தான் முடியும். அதைவிட முக்கியம், 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்புப் புதுப்பிப்புகள், முடிந்துவிட்டது. வங்கி வேலை பார்க்கும் கணினிக்கு இது எனக்கு ஒப்பவில்லை.

பழுது பார்ப்பதற்கே என் ஓட்டு. ஸ்டார்ட்டை வலது கிளிக் செய்து, அட்மின் உரிமையோடு டெர்மினலை (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை) திறந்து, முதலில் டிஸ்ம் கட்டளையின் ரீஸ்டோர்ஹெல்த் (DISM /Online /Cleanup-Image /RestoreHealth), அப்புறம் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow) கொடுங்கள். முதலாவது நல்ல கோப்புகளை இணையத்திலிருந்து எடுத்து வைக்கும்; இரண்டாவது அவற்றைக்கொண்டு கெட்டதை மாற்றும். சதவீதம் 62.3-இல் அசையாமல் நின்றாலும் பதறி மூடிவிடாதீர்கள், நகரும். ஆனி, ஆடி மழையில் கரண்ட் போகும், அதனால் பேட்டரி நிறைந்த பிறகே தொடங்குங்கள்.

பத்தாம் நாள் நெருங்கியும் சரியாகவில்லையா, அப்போது திரும்பலாம். எதைச் செய்தாலும் கோப்புகளை முதலில் பென்டிரைவில் நகலெடுத்துவிடுங்கள்.